இ.சி.ஜி. தெளிவாக விழ: மின்முனையும் தோலும் சேரும் இடத்தைச் சரிசெய்யும் முறை

இ.சி.ஜி. தாளில் கோடு தடித்தோ, நடுங்கியோ, மேலும் கீழுமாக மிதந்தோ விழும்போது நம்மில் பலருடைய விரல் முதலில், தேவையற்ற அலைகளை வடிகட்டும் ஃபில்டர் பொத்தானைத்தான் தேடுகிறது. அது பலன் தருவது போலவும் தோன்றும். கோடு மெலிந்துவிடும், தாள் பார்வைக்கு அழகாகிவிடும். ஆனால் பெரும்பாலான வேளைகளில் கோளாறு இயந்திரத்துக்குள் இல்லை. நோயாளியின் தோலும் மின்முனையும் சேருகிற, ஒரு நாணயத்தின் அளவேயான இடத்தில்தான் அது இருக்கிறது. அந்த இடங்களைச் சில நிமிடங்கள் செலவிட்டுத் தயார் செய்தால் ஃபில்டரின் உதவி அநேகமாகத் தேவைப்படாது. நாள்தோறும் இ.சி.ஜி. எடுப்பவர்களுக்கும், புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்கும் தொழில்நுட்பநர்களுக்கும் அந்தத் தயாரிப்பை, அதன் காரணத்தோடு சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். மின்முனை என்று நான் எழுதுவது, வார்டில் எலக்ட்ரோடு என்று நாம் சொல்லும் எல்லாவற்றையும் குறிக்கும்: கைகால்களில் மாட்டும் கிளாம்ப், மார்பில் உறிஞ்சிப் பிடிக்கும் பல்பு, ஒருமுறை ஒட்டிவிட்டு எறியும் ஸ்டிக்கர் ஆகிய மூன்றும் அதில் அடங்கும்.

தோல் ஏன் தடுக்கிறது

இதயத்தில் பிறக்கும் மின் அலை தோலின் மேற்பரப்புக்கு வந்து சேரும்போது மிகச் சிறியதாகிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தாளில் ஓங்கி நிற்கும் ஆர் அலையே ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் அளவுதான்; அதற்கு முன் வரும் சிறிய பி அலை அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை இருக்கும். உடலுக்குள் உப்புநீர் நிறைந்திருப்பதால் அங்கே மின்சாரம் எளிதாகப் பரவுகிறது. ஆனால் தோலின் மேற்புறத்தில், உயிரற்று உலர்ந்த செல்கள் தட்டுத்தட்டாக அடுக்கப்பட்ட ஒரு படலம் இருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக மற்ற இடங்களில் அதன் தடிமன் பொதுவாக 10 முதல் 20 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். எந்தத் தயாரிப்பும் செய்யாத உலர்ந்த தோலில், அவ்வளவு மெல்லிய படலமே மின்முனைக்கும் உடலுக்கும் இடையில் பல பத்தாயிரம் ஓம் முதல் பல லட்சம் ஓம் வரை தடையை உண்டாக்கிவிடுகிறது. அதை லேசாகத் தேய்த்து நீக்கி, ஈரமும் உப்பும் சேர்த்தால் தடை சில ஆயிரம் ஓம்களுக்கு இறங்கிவிடும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இன்றைய இயந்திரங்களின் உள்ளீட்டுத் தடை பல மெகா ஓம் அளவுக்கு இருக்கிறது. அப்படியானால் தோலில் ஒரு லட்சம் ஓம் இருந்தாலும் அலையின் உயரம் பெரிதாகக் குறைந்துவிடாதே என்று கேட்கலாம். உயரம் குறையாது என்பது உண்மைதான். தொல்லை வேறு வழியில் வருகிறது. சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பிகள் நோயாளியின் உடலிலும், மின்முனையை இயந்திரத்தோடு இணைக்கும் லீடு ஒயர்களிலும் மிகச் சிறிய மின்னோட்டத்தை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு மின்முனைகளின் தடையும் சமமாக இருந்தால் இரண்டிலும் ஒரே அளவு மின்னழுத்தம் தோன்றும். இயந்திரம் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது அது மறைந்துவிடும். சமமாக இல்லாவிட்டால், கழித்த பிறகும் மிச்சம் நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒயர் ஒவ்வொன்றிலும் 10 நானோ ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலக்கைத் தோல் சுத்தமாகவும் இடக்கைத் தோல் எண்ணெய்ப் பிசுக்கோடும் இருந்து, இரண்டின் தடைக்கும் இடையே 20 ஆயிரம் ஓம் வேறுபாடு ஏற்பட்டால், மிஞ்சும் மின்னழுத்தம் 0.2 மில்லிவோல்ட். ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் என்ற வழக்கமான அளவுகோலில் அது தாளில் 2 மில்லிமீட்டராக விழும். பல நோயாளிகளின் பி அலை அந்த உயரத்தைக்கூட எட்டுவதில்லை. தடித்த கோட்டுக்குள் பி அலை புதைந்துபோவது இப்படித்தான். ஆகவே நம் குறி இரண்டு: எல்லா மின்முனைகளிலும் தடையைக் குறைப்பது ஒன்று, எல்லாவற்றிலும் அதை ஏறக்குறையச் சமமாக வைப்பது இன்னொன்று. ஐந்து இடங்களை நன்றாகத் துடைத்துவிட்டு ஆறாவதை அவசரத்தில் விட்டால், அந்த ஒன்று மற்ற ஐந்தின் பலனையும் கெடுத்துவிடும்.

தோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அந்த மேற்படலத்தின் வெளிப்புறத்துக்கும் உட்புறத்துக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட் அளவில் ஒரு மின்னழுத்தம் எப்போதும் இருக்கிறது. தோலை இழுத்தால் அது சில மில்லிவோல்ட் மாறுகிறது. ஆர் அலையே ஒரு மில்லிவோல்ட்தான் என்பதை நினைவில் வைத்தால், நோயாளி புரண்டு படுக்கும்போது மானிட்டரில் கோடு ஏன் கூரைக்கும் தரைக்குமாகப் பாய்கிறது என்பது விளங்கும். மேற்படலத்தைத் தேய்த்து மெலிதாக்கிவிட்டால் இந்த மாற்றமும் பெருமளவு அடங்கிவிடுகிறது. ஜெல்லி மட்டும் தடவினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான்: ஜெல்லி தடையைக் குறைக்கும்; அசைவால் வரும் பொய் அலைகளைத் தேய்ப்பு அடக்கும்.

கம்பியில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். உடலில் சுமப்பவை அயனிகள். இந்தக் கைமாற்றம் நடக்கும் இடம் மின்முனையின் உலோகப் பரப்பு. வெள்ளியின் மேல் வெள்ளி குளோரைடு பூசிய மின்முனையும், குளோரைடு உப்பு கலந்த ஜெல்லும் சேரும்போது இந்தக் கைமாற்றம் இரு திசையிலும் எளிதாக நடக்கிறது. மின்னூட்டம் அங்கே தேங்குவதில்லை, அலைகளுக்கு இடையே விழும் அடிக்கோடும் அசையாமல் நிற்கிறது. நல்ல ஸ்டிக்கர்களில் வெள்ளி குளோரைடு பூச்சு இருப்பதற்குக் காரணம் இது.

இதயமின்வரைவைத் தொடங்கிவைத்த, நெதர்லாந்தின் லைடன் நகரத்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டும் தம் கம்பிக் கால்வனோமீட்டரைக் கொண்டு 1900களின் தொடக்கத்தில் அவர் பதிவு எடுத்தபோது, நோயாளியின் இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர் நிரம்பிய பெரிய கலங்களில் அமிழ்த்தி வைத்தார். பரப்பு பெரிது, உப்பு உண்டு, தோலும் ஊறிவிடுகிறது. தொடர்புக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. அவருக்கு 1924ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கலங்கள் போய்விட்டன, வலக்கை, இடக்கை, இடக்கால் என்ற அவருடைய மூன்று இடங்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன.

நோயாளியை அமர்த்துதல்

தோலைத் தொடும் முன் நோயாளியை அமைதிப்படுத்த வேண்டும். குளிரில் நடுங்குபவரின் தசைகளும், அச்சத்தில் முஷ்டியை இறுக்கியிருப்பவரின் தசைகளும் தாமே மின்னலைகளை உண்டாக்கும். அதை எந்தத் தேய்ப்பும் சரிசெய்யாது. ஏ.சி. காற்று நேராக உடலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கைகள் கட்டிலின் இரும்பு விளிம்பில் படாமல் பக்கத்தில் தளர்ந்து கிடக்க வேண்டும், சார்ஜரில் மாட்டிய கைப்பேசி தலைமாட்டில் இருக்கக் கூடாது.

பெண் நோயாளிகளிடம் என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லி, திரையை இழுத்துவிட்டு, உடன் ஒரு பெண் ஊழியரை நிறுத்திக்கொண்டு, வேண்டிய அளவு மட்டும் ஆடையை விலக்கச் சொல்ல வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதன்று. கூச்சத்தால் இரு தரப்பும் அவசரப்படும்போது முதலில் கைவிடப்படுவது தோல் தயாரிப்புதான். இடது மார்பகத்தின் கீழ் மடிப்பில் வியர்வையைத் துடைக்காமலேயே, மார்பில் வைக்கும் வி1 முதல் வி6 வரையிலான ஆறில் வி4, வி5 மின்முனைகள் வைக்கப்படுகின்றன, அல்லது மார்பகத்தின் மேலேயே வைக்கப்பட்டு இடமும் தவறிவிடுகிறது.

தோலைத் தயார் செய்தல்

நம் ஊர் நோயாளிகளின் தோலில் என்னென்ன இருக்கும் என்பதை அயல்நாட்டுக் கையேடுகள் சொல்வதில்லை. எண்ணெய்க் குளியல் முடித்து வந்தவரின் உடலில் நல்லெண்ணெய் இருக்கும். பெண்களின் காலிலும் கழுத்திலும் மஞ்சள் இருக்கும். கோயிலுக்குப் போய்விட்டு வந்தவரின் மார்பிலும் கைகளிலும் விபூதியோ சந்தனமோ பட்டையாகக் காய்ந்திருக்கும். வெயில் காலத்தில் அக்குளிலிருந்து மார்பு வரை பவுடர் கொட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெஞ்சுவலி என்று வருபவர்களில் பலர் வீட்டிலேயே மார்பு முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள். இவை ஒவ்வொன்றும் மின்முனைக்கும் தோலுக்கும் இடையே இன்னொரு படலமாக நிற்கிறது.

ஒரு இரவுப் பணியில் நடந்தது இன்றும் கண் முன்னால் நிற்கிறது. அறுபதை நெருங்கிய ஒரு பெரியவரை நெஞ்சு எரிச்சல் என்று அழைத்துவந்தார்கள். முதலில் எடுத்த தாளில் மார்பு லீடுகள், அதாவது மார்பு மின்முனைகள் வழியே பதிவாகும் கோடுகள் எல்லாம் கரித்துண்டால் இழுத்தது போலத் தடித்திருந்தன. நான் ஃபில்டரைப் போட்டு மறுபடி எடுத்தேன். கோடு மெலிந்தது, ஆனால் அடிக்கோடு இன்னும் அலைந்துகொண்டே இருந்தது. பணியிலிருந்த மூத்த செவிலியர் தாளைப் பார்க்கவே இல்லை. நோயாளியின் மார்பில் ஒரு விரலை வைத்து இழுத்து, அந்த விரலை என்னிடம் காட்டினார். பச்சை நிறத் தைலம் அதில் மினுமினுத்தது. சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் மூன்று முறை துடைத்து, காஸ் துணியால் அழுத்தித் தேய்த்து, புதிய ஜெல்லி வைத்து அவரே எடுத்தார். ஃபில்டர் இல்லாமல் எடுத்த அந்தத் தாளில் கோடு ஊசியால் கீறியது போல விழுந்தது. வி2, வி3 லீடுகளில் எஸ்.டி. பகுதி, அதாவது மாரடைப்பைத் தேடும்போது பார்க்கும், ஆர் அலைக்குப் பின் வரும் பகுதி, உயர்ந்திருப்பதும் ஐயமின்றித் தெரிந்தது. அதற்கு முந்தைய இரண்டு தாள்களையும் வைத்து எந்த மருத்துவரும் அதை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே முதல் வேலை கழுவுதல். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து, துணியை நனைத்து, மின்முனை உட்காரும் இடத்தையும் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தையும் துடைக்க வேண்டும். பிறகு வெறும் நீரில் நனைத்த துணியால் சோப்பை எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது பரவலான பழக்கம். எண்ணெயும் தைலமும் அதிகமாக இருந்தால் ஸ்பிரிட் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது தோலின் ஈரத்தையும் சேர்த்து எடுத்துவிடுவதால், உலர்ந்த தோல் இன்னும் உலர்ந்து தடை கூடிவிடுகிறது. ஸ்பிரிட்டைப் பயன்படுத்தினால் அது முழுவதும் ஆவியாகும் வரை காத்திருந்து, பிறகு நீரால் ஒருமுறை துடைப்பது நல்லது. ஜெல்லிக்குப் பதிலாக ஸ்பிரிட் பஞ்சையே கிளாம்புக்கு அடியில் வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பஞ்சு ஈரமாக இருக்கும் சில நொடிகளுக்குக் கோடு ஓரளவு விழும். பன்னிரண்டு லீடும் பதிவாகி முடிவதற்குள் அது உலர்ந்து, கடைசி லீடுகள் கெட்டுவிடும்.

மார்பில் அடர்ந்த முடி இருந்தால் ஸ்டிக்கர் தோலில் ஒட்டாமல் முடியின் மேல் தொங்கும். முடிந்தவரை முடியை விலக்கி இடம் காண வேண்டும். முடியாதபோது நோயாளியிடம் கேட்டுவிட்டு, கிளிப்பர் கொண்டு அந்த இடத்தை மட்டும் கத்தரிக்க வேண்டும். பிளேடால் மழிப்பதைத் தவிர்ப்பது நல்லது; கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, அவற்றின் மேல் உப்பு ஜெல் பட்டால் எரியும், கிருமித் தொற்றுக்கும் வழி திறக்கும். இதற்கு ஒரே விலக்கு, இதயம் நின்றவருக்கு, மின் அதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டர் கருவியின் பட்டை ஒட்டும் தருணம். அங்கே முடியின் மேல் ஒட்டிய பட்டை தோலில் சரியாகப் படாமல் பொறி பறந்து தோலைச் சுட்டுவிடக்கூடும், அதிர்ச்சியும் இதயத்தைச் சரியாகச் சென்றடையாது. எனவே கையில் இருக்கும் சவரக்கத்தியால் ஒரு நொடியும் தாழ்த்தாமல் வழித்துவிட வேண்டும். அந்தக் கருவியின் பையிலேயே பல நிறுவனங்கள் ஒரு ரேசர் வைத்துத் தருவது இதற்காகத்தான்.

இனி முக்கியமான படி, தேய்ப்பது. உலர்ந்த காஸ் துணியை இரண்டாக மடித்து, அல்லது இதற்கென்றே விற்கும் மென்மையான உராய்வுத் தாளைக் கொண்டு, மின்முனையின் நடுப்பகுதி உட்காரப்போகும் இடத்தை ஐந்தாறு முறை உறுதியாகத் தேய்க்க வேண்டும். பாத்திரம் துலக்கும் அழுத்தம் வேண்டாம். மேசைமேல் ஒட்டிய பென்சில் கோட்டை அழிக்கும் அழுத்தம் போதும். தோல் லேசாகச் சிவக்கும் வரை தேய்க்கவும் என்று புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். நம் நோயாளிகளின் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் அந்தச் சிவப்பு தெரியாது; அதற்காகக் காத்திருந்தால் தோலைப் புண்ணாக்கிவிடுவோம். அதற்குப் பதில் வேறு இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். தேய்த்த இடத்தின் பளபளப்பு மங்கும். காஸ் துணியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் ஒட்டியிருக்கும். அந்தத் தூள்தான் நாம் நீக்க நினைத்த இறந்த செல்கள். நோயாளிக்கு எரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். ஒருவருக்குப் பயன்படுத்திய துணியையோ தாளையோ அடுத்தவருக்கு எடுக்கக் கூடாது.

ஜெல்லி வைப்பதும் மாட்டுவதும்

இ.சி.ஜி. ஜெல்லியும் ஸ்கேன் அறையில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் ஜெல்லும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றல்ல. ஒலி அலை கடக்க நீர்த்தன்மை போதும். மின்சாரம் கடக்க உப்பு அயனி வேண்டும். ஜெல்லி தீர்ந்துபோன நேரத்தில், சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணித் துண்டு அல்ட்ராசவுண்ட் ஜெல்லைவிட நல்ல மாற்று. அது உலர்வதற்குள் பதிவை முடிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கிளாம்புகளைப் பொறுத்தவரை, சிவப்பு வலக்கைக்கு, மஞ்சள் இடக்கைக்கு, பச்சை இடக்காலுக்கு, கறுப்பு வலக்காலுக்கு என்பது நாம் அறிந்ததே. மணிக்கட்டின் உட்புறத்திலும் கணுக்காலுக்குச் சற்று மேலே உட்புறத்திலும், எலும்பு துருத்தாத சதைப்பற்றான இடத்தில், உலோகத் தகடு முழுவதும் தோலில் படியும்படி மாட்ட வேண்டும். கொலுசு, வளையல், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவை தகட்டில் படக் கூடாது. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அங்கே சிறிய மின்கலமே உருவாகி அடிக்கோட்டை அலைக்கும். கொலுசைக் கழற்றச் சொல்லி முதியவர்களைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை. கிளாம்பைக் கெண்டைக்கால் பக்கம் நான்கு விரல் மேலே ஏற்றிவிடலாம், இரு கால்களிலும் அப்படியே செய்ய வேண்டும். தாலிச் சங்கிலியும் வி1, வி2 பல்புகளில் உரசும். அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் போதும்.

மார்பில் ஜெல்லி தடவுவதில் நடக்கும் ஒரு தவறைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேகமாக முடிப்பதற்காக, வி1 முதல் வி6 வரை விரலால் ஒரே இழுப்பாக ஜெல்லியை இழுத்துவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஆறு பல்புகளும் ஒரே உப்புநீர்ப் பட்டையில் உட்கார்ந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் தன் கீழே உள்ள இதயப் பகுதியின் அலையைக் காட்டாமல், அண்டையிலுள்ளவற்றின் கலவையைக் காட்டும். கோடு சுத்தமாக விழுவதால் தவறு கண்ணில் படாது. வி2, வி3, வி4 மூன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே வடிவில் இருக்கும்போது ஐயம் கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் பட்டாணி அளவு ஜெல்லி வைத்து, தேய்த்த வட்டத்துக்குள் மட்டும் பரப்பி, அடுத்த வட்டத்துக்கு இடையே உலர்ந்த தோல் தெரிய வேண்டும். பல்பின் விளிம்பைவிடப் பெரிதாக ஜெல்லி பரவினால் பிடிப்பும் வழுக்கிவிடும்.

ஸ்டிக்கர் மின்முனையில் ஜெல் ஏற்கெனவே இருக்கிறது. பையைப் பிரித்த பிறகு காற்றுப்பட்டால் அது உலரத் தொடங்கும் என்பதால், மீதியை வைத்துப் பையின் வாயை நன்றாக மடித்து மூட வேண்டும். ஒட்டும் முன் நடுவிலுள்ள ஜெல்லை ஒருமுறை பாருங்கள்; ஈரமாகப் பளபளக்க வேண்டும், ஓரம் வெளுத்துக் காய்ந்திருந்தால் அந்த ஸ்டிக்கரைப் பயன்படுத்த வேண்டாம். லீடு ஒயரை ஸ்டிக்கரின் பொத்தானில் முதலில் மாட்டிவிட்டு, அதன் பிறகு தோலில் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு பொத்தானை அழுத்தினால், நெஞ்சுவலியோடு இருப்பவருக்கு வலிக்கும், ஜெல்லும் பிதுங்கி ஒட்டும் பகுதிக்குள் பரவிப் பிடிப்பைக் கெடுத்துவிடும். ஒட்டும்போதும் நடுவை அழுத்தாமல், விளிம்பை மட்டும் விரலால் சுற்றிவர அழுத்த வேண்டும். ஒரே நோயாளிக்கு இரண்டு வேறு நிறுவனங்களின் ஸ்டிக்கர்களைக் கலந்து ஒட்டக் கூடாது. உலோகமும் ஜெல்லும் மாறுபட்டால் ஒவ்வொன்றின் இயல்பான மின்னழுத்தமும் மாறுபடும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஓரிரு நிமிடம் காத்திருங்கள். ஜெல்லியின் உப்பு தோலின் மேற்படலத்துக்குள் ஊற அந்த நேரம் வேண்டும். மாட்டிய உடனே அலையும் அடிக்கோடு அதற்குள் தானாகவே நின்றுவிடுவதைப் பல முறை பார்க்கலாம்.

கோளாறு எந்த மின்முனையில் என்று கண்டறிதல்

இத்தனைக்குப் பிறகும் கோடு கெட்டால், பத்து மின்முனைகளையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை, தாளே சொல்லிவிடும். லீடு 1 என்பது இடக்கைக்கும் வலக்கைக்கும் இடைப்பட்டது. லீடு 2 இடக்காலுக்கும் வலக்கைக்கும். லீடு 3 இடக்காலுக்கும் இடக்கைக்கும். லீடு 1, 2 இரண்டும் கெட்டு 3 சுத்தமாக இருந்தால், முதலிரண்டுக்கும் பொதுவான வலக்கைக் கிளாம்பைப் பாருங்கள். 1, 3 கெட்டால் இடக்கை. 2, 3 கெட்டால் இடக்கால். மார்பு லீடு ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அந்த பல்பு மட்டுமே காரணம். எல்லா லீடுகளிலும் 50 ஹெர்ட்ஸ் நடுக்கம் ஒரே சீராகப் படர்ந்திருந்தால் முதலில் வலக்காலின் கறுப்புக் கிளாம்பைச் சந்தேகியுங்கள். அந்தக் காலின் அலை எந்த லீடிலும் பதிவாவதில்லை என்பதால் அதைப் பலர் அலட்சியமாக மாட்டுகிறார்கள். உடலில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அடக்கும் வேலை முழுவதும் அதன் வழியாகத்தான் நடக்கிறது.

நடுக்கத்தின் வடிவமும் பயன்படும். ஒரே உயரத்தில், பெரிய கட்டம் ஒன்றுக்குப் பத்துப் பற்களாக நெருங்கி வந்தால் அது 50 ஹெர்ட்ஸ். ஒழுங்கின்றிக் கரடுமுரடாக வந்தால் தசை நடுக்கம். போர்வையும் ஆறுதல் பேச்சும்தான் மருந்து. மெதுவாக ஏறி இறங்கினால் மூச்சோ, வியர்வையோ, உலர்ந்த ஜெல்லோ காரணம்.

இவ்வளவும் செய்த பிறகு ஃபில்டர் போட வேண்டிய நிலை வந்தால், அதைத் தாளில் எழுதி வையுங்கள். நோயறிதலுக்கான பதிவு 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை எடுக்கப்படுகிறது. 40 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டினால் ஆர் அலையின் உயரம் குறையும், ஆர் அலையை உள்ளடக்கிய கியூ.ஆர்.எஸ். பகுதியின் நுண்ணிய பிளவுகள் மழுங்கும், கீழ்ப்பக்கம் 0.5 ஹெர்ட்ஸில் வெட்டினால் எஸ்.டி. பகுதி, உள்ளபடி இல்லாத ஏற்ற இறக்கத்தைக் காட்டக்கூடும். மாரடைப்பைத் தேடும் மருத்துவர் அந்த எஸ்.டி. பகுதியைத்தான் பார்க்கிறார்.

நாட்கணக்கில் ஒட்டியிருக்கும்போது

தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டர் ஸ்டிக்கர்கள் நாட்கணக்கில் உடலில் இருக்கின்றன. ஜெல் உலர்வதும், வியர்வையில் ஓரம் கிளம்புவதும், ஒயர் தன் எடையால் இழுப்பதும் அங்கே வரும் தொல்லைகள். நாளுக்கு ஒருமுறை, உடல் துடைக்கும் நேரத்தோடு சேர்த்து, தோலை மறுபடி தயார் செய்து புதிய ஸ்டிக்கர் ஒட்டுவதை ஒழுங்காக வைத்துக்கொண்டால் பொய் அலாரங்கள் குறைவதைச் செவிலியர்களே சொல்வார்கள். நோயாளி பல் துலக்கும் அசைவு, மானிட்டரில் வென்ட்ரிக்கிள் வேகத்துடிப்பு என்ற ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறைப் போலவே அலை காட்டும் என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட ஒன்று. ஒயரை ஸ்டிக்கருக்கு அருகில் ஒரு சிறு வளையமாக வளைத்துப் பிளாஸ்திரி போட்டால், இழுப்பு முழுவதும் வளையத்தோடு நின்றுவிடும். பெரிய தசைகளின் மேலும், தோள்மூட்டு அசையும் இடத்திலும் ஒட்டாமல், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே அசைவு குறைந்த இடத்தில் ஒட்டுவது நல்லது.

தேய்க்கக் கூடாத தோல்

மேலே சொன்ன தேய்ப்பு எல்லாருக்கும் பொருந்தாது. குறைமாதக் குழந்தையின் மேற்படலம் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. அதைத் தேய்ப்பதும், அதன் மேல் ஸ்பிரிட் பூசுவதும் தோலையே பெயர்த்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, உலர விட்டு, குழந்தைகளுக்கான சிறிய ஸ்டிக்கரை ஒட்டினால் போதும். முதியவர்கள், நீண்ட காலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருடைய தோலும் காகிதம் போல மெலிந்திருக்கும். ஸ்டிக்கரை எடுக்கும்போது மேல்நோக்கிப் பிடுங்காமல், ஒரு கையால் தோலைப் பிடித்துக்கொண்டு, நீரால் ஓரத்தை நனைத்து, தோலோடு ஒட்டினாற்போல் மெதுவாக உரித்தெடுக்க வேண்டும். புண், தடிப்பு, படை உள்ள இடத்தைத் தவிர்த்துப் பக்கத்தில் ஒட்டி, இடம் மாற்றியதைக் குறிப்பில் எழுத வேண்டும்.

தலையில் வைக்கும் மின்முனைகள்

இ.இ.ஜி. எடுப்பவர்களுக்கு இதே பாடம் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். அவர்கள் தேடும் மூளை அலை பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவுதான். முந்தைய நாள் இரவே ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவாமல், பூ வைக்காமல் வரச் சொல்ல வேண்டும். இதை வாயால் சொன்னால் மறந்துவிடுகிறார்கள். சீட்டில் தமிழில் எழுதிக் கொடுப்பது நல்லது. முடியை வகிடு எடுத்து, உராய்வுப் பசை தோய்த்த பஞ்சுக் குச்சியால் அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்து, கடத்தும் பசையோடு கிண்ண மின்முனையை வைத்து, இயந்திரத்திலேயே தடையை அளந்து பார்க்க வேண்டும். 5 கிலோ ஓமுக்குக் கீழே என்பது நெடுநாளைய மரபு. எல்லா மின்முனைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது அதைப் போலவே முக்கியம். நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகக் காட்டினால், பக்கத்து மின்முனையோடு பசை கலந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரால் அளக்கக் கூடாது; அது செலுத்தும் நேர்மின்னோட்டம் மின்முனையில் மின்னூட்டத்தைத் தேக்கிப் பிந்தைய பதிவைக் கெடுக்கும். தடை இறங்கவில்லை என்று ஊசி முனையால் கீறும் பழைய வழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால், இரத்தத்தின் வழி பரவும் நோய்களை எண்ணி அதைக் கைவிட வேண்டும்.

எடுத்து முடித்த பிறகு

நோயாளியின் தோலிலிருக்கும் ஜெல்லியை நாமே துடைத்துவிட வேண்டும். பஞ்சைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைப்பது முறையன்று. பிறகு பல்புகளையும் கிளாம்புகளையும் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் நீரால் கழுவி, கிருமிநாசினியால் துடைத்து, உலர்த்தி வைக்க வேண்டும். நேற்றைய ஜெல்லி காய்ந்திருக்கும் பல்பைத் திருப்பி உள்ளே பாருங்கள்: விளிம்பை ஒட்டி வெள்ளை உப்பும், அதற்கு அடியில் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கும். அந்தக் களிம்பு தொடர்பைக் கெடுக்கும். ஒரு பல்பில் இருந்து இன்னொன்றில் இல்லாதபோது அடிக்கோட்டையும் அலைக்கும். அதைக் கம்பி நாரால் சுரண்டினால் பூச்சு போய்ப் பித்தளை வெளிப்பட்டு, முன்னைவிட வேகமாக அரிக்கும். வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தெடுங்கள். அதற்கும் போகாத பல்பை மாற்றிவிடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ரப்பர் விரிசல் விட்டு உறிஞ்சும் பிடிப்பு தளர்ந்த பல்பும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும்.